இஸ்திரிக்காரியின் காய்ச்சல்

நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவளுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படித் தெரியும்? அதனால் புருஷன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தபோது, "கையை எடுங்க. வேலை செய்ற உடம்பு சுடத்தான் செய்யும். சும்மா உக்காந்திருக்கிற உடம்புதான் ஜில்லுனு இருக்கும்" என்றாள். அவன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பாவம். தேய்த்த துணியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன்தான். எட்டு மாத வயிற்றோடு மாடிப்படி ஏறக் கூடாதென்று அவளைக் கடையிலேயே நிறுத்தி வைத்திருந்தான்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தரித்த பிள்ளை. முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது. கொரோனா என்று செய்தி வந்ததிலிருந்து அந்தக் கடையில் நடந்த கெடுபிடி கொஞ்சநஞ்சமல்ல. துணி கொண்டு வருகிறவர்கள் வாசலில் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும். யாருடைய மாஸ்க்காவது மூக்குக்குக் கீழே இறங்கினால் அவர் துணி திரும்பிப் போய்விடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தாள். அப்படியும் வந்துவிட்டது.

தெரியவந்தது ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையால். பெட்டியைச் சட்டையின் முதுகில் வைத்தபடியே வாசலில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்திலிருந்து புருஷன் ஓடி வந்து பெட்டியைத் தூக்கினான். "தெருவே நாறுது, உன் மூக்கு என்ன தூங்குதா?" என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் கருகிய துணியை மூக்கோடு அழுத்தி முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பயந்து அவன் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலோடு அவனை நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகப் போக அவளுக்கு மூச்சு வாங்கியது. அதைவிட, வயிற்றில் எப்போதும் உதைத்துக்கொண்டிருந்தது அடங்கிப் போயிருந்தது. "எழுந்திரு கண்ணு, ஒரு தடவை அசைஞ்சு காட்டு" என்று வயிற்றைத் தட்டிக் கெஞ்சினாள். தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டிருந்த டாக்டரம்மா, "உங்களுக்கே மூச்சு போதலைம்மா. குழந்தைக்கு எப்படிப் போதும்? இனிமே காத்திருக்கக் கூடாது, எடுத்துடலாம்" என்றாள்.

எடுத்தார்கள். பெண் குழந்தை. பூனைக்குட்டி போல ஒரு குரல் கேட்டது, உடனே தூரப் போய்விட்டது. "அவளுக்கும் வந்திருக்கா?" என்று வருகிற போகிறவர்களையெல்லாம் கேட்டாள். டெஸ்ட் முடிவு வரட்டும் என்றார்கள். போனில் புருஷன், "துணி மலையா குவிஞ்சு கிடக்கு, சீக்கிரம் வந்து சேரு" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது.

பிறகு நர்ஸ் குழந்தையோடு வந்தாள். "உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா மூச்சு விடுறா. பால் குடுங்க."

போன உயிர் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அப்போதுதான் குலை நடுங்கியது. குழந்தை சுத்தமாக இருக்கிறாள், இனி அவளுக்கு ஏதாவது வந்தால் தந்தது தானாகத்தான் இருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கொண்டு போயிடுங்க. நான் வேண்டாம் அவளுக்கு" என்றாள்.

"மாஸ்க் போட்டுக்கிட்டு, கையைக் கழுவிட்டுக் குடுக்கலாம். குறைமாசக் குழந்தைக்கு உங்க பால்தான் தெம்பு" என்றாள் நர்ஸ்.

கையை எரியும்வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டு முகத்தை முடிந்த மட்டும் அப்பால் திருப்பினாள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். குழந்தை மார்பைக் கவ்விக்கொண்டது. கண்ணை மூடியபடியே காற்றில் துழாவிய விரல்கள் மாஸ்க்கின் கயிற்றில் மாட்டின. குழந்தை அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இழுத்தது. மாஸ்க் கன்னத்தோடு சரிந்தது.

நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தால் காற்று குழந்தை மேல் படும். தொண்டையில் இருமல் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள், மாஸ்க்கை இழுத்துவிட்டாள், குழந்தையைப் பக்கத்திலிருந்த சக்கரத் தொட்டிலில் கிடத்தி, தொட்டிலைத் தூரத் தள்ளினாள். அதற்குப் பிறகுதான் சுவரோடு முகத்தைப் புதைத்துக்கொண்டு, வயிற்றுத் தையல் தெறிப்பது போல இருமினாள். பால் பாதியில் நின்ற கோபத்தில் குழந்தை வீறிட்டது.

ஓடி வந்த நர்ஸிடம் அவள் திரும்பாமலே கேட்டாள்: "அவ மேல பட்டுச்சா?"