முத்தியால்பேட்டையில் ஒரு அங்குலக் கூரை

கூரைப் பலகை விற்கிறவர்களுக்கு முதல் எதிரி அதன் மெல்லிசுதான். கனமாக இருந்தால்தான் பலம் என்று நம்புகிறவர்களிடம் பொருள் விற்றுப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நானும் கொத்தனார் அஞ்சலையும் முத்தியால்பேட்டையில் ஃபெரோசிமெண்ட் பலகை வார்த்தோம். கம்பி வலையை அடுக்கி சிமெண்டுக் கலவை பூசினால், ஒரு அங்குலக் கனத்தில் பலகை தயார். பட்டறை திறந்து மூன்று மாதமாகியும் ஒரு வீட்டுக்குக்கூடக் கூரை போடவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், இல்லையென்றால் மூடிவிடுவோம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

விரலால் பிடித்துப் பார்த்தவர்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர் மனைவியோடு வந்தார். பழைய வீட்டு மாடியில் ஓர் அறை கட்ட ஆசை. ஆனால் சுவர் கான்கிரீட் தளத்தைத் தாங்காது என்று இஞ்சினியர் சொல்லிவிட்டாராம். லேசான கூரை கிடைக்குமா என்று கேட்டார்.

அஞ்சலை எல்லாவற்றையும் விளக்கினாள். தெருவே மதாம் என்று கூப்பிடும் அவர் மனைவி, பலகையின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இதுக்குக் கீழ நீங்க படுத்துக்குங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

செங்கல் சோதனை

தாங்குவதைக் கண்ணால் காட்டுகிறேன் என்றேன். இரண்டு செங்கல் மேடை கட்டி, குறுக்கே பலகையை வைத்து, நடுவில் செங்கல்லை அடுக்கினோம். நாலாவது வரிசையில் பலகை இரண்டாகப் பிளந்தது. சொல்தா மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாரம் ஏறும்போது பலகையின் அடிப்பக்கம்தான் இழுபடும். அதனால் கூடுதல் வலையை அடியில்தான் வைப்போம். அஞ்சலை உடைந்த விளிம்பைப் பார்த்தாள். வலை மேலே இருந்தது. அவசரத்தில் புரட்டி வைத்தது நான்தான்.

"அக்கா, பலகைமேல தப்பில்ல. நீங்கதான் அதைக் குப்புறப் படுக்க வச்சுட்டீங்க."

மறுநாள்

அவர்கள் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இருவரும் திரும்ப வந்தார்கள். இந்த முறை பலகையைச் சரியாக வைத்தோம். அத்தனை செங்கல்லும் ஏறிய பிறகு, வளைவைப் பார்க்க அடியில் கட்டியிருந்த நூலைத் தொடும் அளவுக்கு நடுவில் வளைந்தது. இறக்கியதும் மெல்ல நிமிர்ந்தது.

செங்கல் அசையாமல் கிடக்கும், மனுஷங்க அப்படியா என்று கேட்டார் மதாம். அஞ்சலை ஏறினாள். நான் ஏறினேன். பக்கத்துத் தையல் கடைப் பெண்கள் இருவர் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். சொல்தாவும் ஏறினார். கடைசியில் மதாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு லேசாகக் குதித்துப் பார்த்தார். போதுமா, இறங்கலாமா என்று கேட்டேன்.

"இருங்க, இறங்கச் சொல்லாதீங்க. நல்லாத்தான் இருக்கு."

மழைக்குப் பிறகு

மழைக்கு முன்பே கூரை ஏறியது. முதல் பெருமழை விட்டதும், ஒழுகியதா என்று பார்க்க ஓடினேன். ஒரு சொட்டு இல்லை. ஆனால் சொல்தா முகம் வாடியிருந்தார். மனைவி மதாம் என்றால் அவர் எங்களுக்கு முசியே; என்ன முசியே என்று விசாரித்தேன்.

"வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் இவ கூரைமேல ஏத்திக் குதிக்கச் சொல்றா. கூரை தாங்குது, என் மானம்தான் தாங்கல."

அப்படிக் குதித்துப் போனவர்களில் நாலு பேர் அந்த வருஷமே எங்களிடம் கூரை கேட்டு வந்ததால், சிமெண்டையும் கம்பியையும் நம்பித் தொழில் தொடங்கிய எங்களைக் காப்பாற்றியது மதாமின் அடங்காத கால்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.