பின் சீற்றுக்கு அடியில் இருந்த போத்தல்

கண்ணாடியில் கறுப்பு டின்ட் ஒட்டிய கார் என்றால் சோதனைச்சாவடியில் கட்டாயம் மறிக்கிறார்கள் என்பதால், வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் வைத்தே என் கணவர் அதைப் பிளேட்டால் சுரண்டி எடுத்தார். பசை மட்டும் போகவில்லை. ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் எடுத்து, துணியில் நனைத்துத் துடைத்தார்.

"இனி உள்ளுக்க இருக்கிறதெல்லாம் வடிவாத் தெரியும். ஒருத்தரும் மறிக்க மாட்டினம்" என்றார்.

அன்று மாலையே கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். கொள்ளுப்பிட்டியில் மறித்தார்கள். கதவைத் திறந்ததும் சிப்பாய்க்குப் பெற்றோல் மணத்தது. பின் சீற்றுக்கு அடியில் நாங்கள் மறந்துபோய் விட்டிருந்த போத்தலைச் சிப்பாய் இழுத்தெடுத்தார். மூடி தொலைந்ததால், துடைத்த துணியையே அதன் வாயில் அடைத்து வைத்திருந்தார் என் கணவர். கொளுத்தி எறிய ஆயத்தமான குண்டு மாதிரியே இருந்தது.

"மொகத மே?" இது என்னவென்று சிப்பாய் கத்தினார்.

கண்ணாடி துடைக்க என்று என் கணவர் சிங்களத்தில் சொன்னார். அடையாள அட்டையை வாங்கினார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்குப் பிறகு கண்ணாடியை யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

அவரை வீதியில் முழந்தாளில் இருத்தி அடித்ததை அந்தத் துப்புரவான கண்ணாடிக்குள்ளால் நான் முழுவதும் பார்த்தேன். பல நாள் கழித்துத்தான் விட்டார்கள். ஒரு காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை.

டின்ட் எடுப்பவர்கள் சவர்க்காரத் தண்ணீரே பாவியுங்கள். எங்கள் காரில் இப்போது குடிக்கிற தண்ணீர்ப் போத்தல் மட்டும்தான் இருக்கிறது. மறித்தால், கேட்க முன்னமே என் கணவர் அதைத் திறந்து ஒரு மிடறு குடித்துக் காட்டுகிறார்.