உப்புக் காற்றும் ஆயிரத்து நானூறும்

நெடுந்தீவில் எது பழுதானாலும் உப்புக் காற்றுதான் குற்றவாளி. ஃபான் நின்றாலும் அதுதான், மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் அதுதான். போட்டோக்கொப்பி, இணையம் என்று சின்னக் கடை வைத்திருக்கிற நானும் அந்தக் காற்றின் மேல் பழியைப் போட்டுத்தான் பிழைக்கிறேன்.

கடைக் கணினியின் இயங்குதளத்துக்குப் புதுப் பதிப்பு ஏற்றிய மறுநாள், ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு அக்கா வந்தார். மாலை ஆறு மணிக்குள் சான்றிதழ்களை ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். பெயரும் முகவரியும் போயின. சான்றிதழ் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

“தம்பி, இரண்டரைப் படகில யாழ்ப்பாணம் போய் ஏத்தட்டே? அதுதான் கடைசிப் படகு.”

“அலையாதேயுங்கோ அக்கா. உப்புப் பிடிச்சிருக்கும். பத்து நிமிசம்.”

நெட்வேர்க் கார்ட்டைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்தேன். பலனில்லை. வேறு கார்ட் போட்டேன். அதற்கும் அதே குணம். கூரையில் ஏறி, அக்கரை இணையக் கோபுரத்தைப் பார்த்து நிற்கும் அன்டெனாவின் வயர் முனையைத் துடைத்தேன். அங்கிருந்து பார்க்கப் படகு புறப்படுவது வடிவாகத் தெரிந்தது. கீழே வாசலில் நின்ற அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

இறங்கி வந்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கார்ட்டும் தேய்ச்சாச்சு, கூரையும் துடைச்சாச்சு. இனிக் கடலைத்தான் இறைக்க வேணும். எனக்கு ஒண்டு விளங்கேல்லை. பேர் போகுது, சான்றிதழ் போகேல்லை. உப்பு எண்டால் சின்னது பெரிசு பாக்குமே?”

பார்க்காது. முதல் முறையாகக் கதிரையில் இருந்து யோசித்தேன். இணையத்தில் எதுவும் பொதி பொதியாகத்தான் போகும். சோதனைப் பொதிகளைச் சின்னதிலிருந்து பெரிதாக அனுப்பிப் பார்த்தேன். ஆயிரத்து நானூறு பைட் வரை போனது. அதற்கு மேல் சத்தமில்லாமல் காணாமல் போனது. கடலைத் தாண்டும் இணைப்பில் ஒவ்வொரு பொதிக்கும் மேலே இன்னோர் உறை சுற்றப்படும்; அதற்கு இடம் விட வேண்டும். விடாமல் பெரிதாக அனுப்பினால், “பிரிக்காதே” என்ற குறிப்போடு போகிற பொதியை வழியில் பிரிக்கவும் மாட்டார்கள், திருப்பி அனுப்பவும் மாட்டார்கள்; சொல்லாமல் எறிந்துவிடுவார்கள்.

அன்டெனா பூட்டிய அன்று பொதியின் அளவை ஆயிரத்து நானூறாகக் குறைத்தவன் நான்தான். எங்கும் எழுதி வைக்கவில்லை. புதுப் பதிப்பு அதைப் பழையபடி ஆயிரத்து ஐந்நூறாக்கிவிட்டது.

மாற்ற அரை நிமிடம் பிடித்தது. நாலரைக்கு விண்ணப்ப இலக்கம் வந்தது. அக்கா அதை மூன்று தரம் வாசித்து, அச்செடுத்து, மடித்து வைத்தார். பிறகு என் மார்க்கரை எடுத்துக் கணினிப் பெட்டியில் 1400 என்று பெரிதாக எழுதினார்.

அப்போது போட்டோக்கொப்பிக்கு வந்த அண்ணை ஒருவர் கேட்டார்: “என்ன, மெசின் பழுதோ?”

“உப்புக் காத்து அண்ணை” என்றேன்.

அக்கா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியில் தான் எழுதிய 1400 பக்கம் கையைக் காட்டினார்.