கோயில்குட்டியாரின் விரல்

பிள்ளைகளா, உங்கள் அம்மாவும் நானும் ஏலப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் புதுக்குடித்தனம் இருந்தபோது, எங்கள் சர்ச்சில் மணியடிக்கிற கோயில்குட்டியார் ஒருவர் இருந்தார். முழங்கால்வரை கம்பளிக் கோட்டு. காலில் செருப்பு கிடையாது. ஆராதனையில் எந்தக் குழந்தை அழுதாலும் அதன் தாய் முன்னால் போய் நின்று, பேசாமல் வாசலைப் பார்த்து விரலை நீட்டுவார்.

பெரியவள் அப்போது கைக்குழந்தை. பிரசங்கம் தொடங்கியதும் சரியாக அழுவாள். அம்மா எழுந்துபோய் வெளியே சாரலில் நிற்பாள். நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிறு அம்மா, "நான் ஒரு பிரசங்கமாவது முழுசாக் கேக்கணும். இன்னைக்கு நீங்க வச்சிருங்க" என்று பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் போய்விட்டாள். பிள்ளை வீறிட்டது. சுற்றிலும் ஒரே சிரிப்பு. விரல் என் முன்னால் நீண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போக மாட்டேன். சத்தம் பிடிக்கலன்னா நீரே தூக்கிட்டுப் போம்யா!" என்றேன். போதகர் ஐயர் பிரசங்கத்தையே நிறுத்திவிட்டார்.

கோயில்குட்டியார் தூக்கிக்கொண்டு போனார். ஆராதனை முடிந்து நான் ஓடிப் பார்த்தால், பிள்ளை அவர் கோட்டுக்குள் தூங்குகிறது.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமேய்யா!" என்று கத்தினேன்.

"நான் விரலத்தான நீட்டுனேன்? மூணு மாசமா உம்ம வீட்டுக்காரி மழையில நின்னாளே, நீரு எங்கய்யா இருந்தீரு?"

அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அடுத்த ஞாயிறு பிள்ளை அழுதபோது, தூக்கிக்கொண்டு போய்ச் சாரலில் நின்றது நான்தான்.