சிவப்பு நூல் வரிசை

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் சிவப்பு நூல் கிடக்கிறது. மழையில் சாயம் போய்விட்டது. வீட்டில் இரண்டு முறை குப்பையோடு கூட்டப் பார்த்தார்கள். இரண்டு முறையும் சண்டை போட்டு மீட்டேன். 

ஹட் பே என்ற தீவு ஊரில் ஒரு மூலிகைத் தோட்டத்தில் உதவியாளனாக இருந்தபோது, ஒரே நாளில் நிலவேம்பை வரிசை வரிசையாக நட்டோம். எந்த வயதில் அறுத்தால் இலையில் மருந்துச் சத்து அதிகம் என்று பார்ப்பதுதான் வேலை. இரண்டு மாதத்தில் அறுப்பதற்கு வெள்ளை நூல், மூன்றில் அறுப்பதற்கு மஞ்சள், மொட்டு விடும்வரை வளரவிடுவதற்குச் சிவப்பு. சிவப்பு வரிசையைப் பார்த்துக்கொண்டது தினக்கூலிக்கு வந்த ஒரு அக்கா. இலங்கை மலைத்தோட்டத்தில் சிறுமியாகவே கொழுந்துக் கூடை சுமந்து, பிறகு குடும்பத்தோடு தீவுக்கு வந்தவர். அந்த ஆண்டு அவரை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. அதை நம்பி அவர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

அவர் விரல்கள் சும்மா இருக்காது. பேசிக்கொண்டே செடியின் நுனியைக் கிள்ளிவிடுவார். "கிள்ளுனாத்தான் தம்பி கெளைக்கும். தேயிலைய அப்படித்தானே வச்சிருந்தோம், எத்தன வருசமானாலும் எளசா." வரிசை புதராக அடர்ந்தது. "ஜோரா வந்திருக்கு அக்கா" என்று நான்தான் சொன்னேன். நுனி போன செடி மொட்டு விடத் தாமதிக்கும் என்பது, படித்த எனக்கு உறைக்கவே இல்லை. வெட்கக்கேடு.

அறுக்கும் நாளில் சிவப்பு வரிசையில் ஒரு மொட்டு இல்லை. எல்லாம் தளிர். ஒரு பருவத்து வேலை வீண். "கிஸ்னே தோடா?" என்று அதிகாரி இந்தியில் கத்தினார், யார் கிள்ளியது என்று. நான் அக்காவைப் பார்த்தேன். செய்தது அவ்வளவுதான். நானும் பார்த்தேன், பாராட்டவும் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சில வாரம் கழித்துக் கப்பல் துறையில் மூட்டையோடு நின்றிருந்தார். "மெயின்லேண்டுல மக வீட்டுக்குப் போறேன். இங்கன இனி என்னா காம் இருக்கு, என்னா வேல?" என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கப்பல் ஏறுமுன் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தச் செவப்பு நூலு வரிசை பூத்துச்சா தம்பி?"

முந்தின வாரமே அதைப் பிடுங்கி எருக்குழியில் போட்டிருந்தோம். அப்போது கையோடு வந்த நூல் என் சட்டைப் பையில் இருந்தது.

"பூத்துச்சு அக்கா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இரண்டு வருடம் கழித்து, மகள் வீட்டிலேயே இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது கராச்சர்மா ஊரில் என் வீட்டு வாசலில் ஆண்டுதோறும் புது நாற்று வாங்கித் தொட்டியில் நிலவேம்பு வளர்க்கிறேன். மொட்டு விட்டதும் அறுத்து நிழலில் காயப்போட்டுவிடுவேன். மருந்துக்கு அதுதான் பருவம் என்று வீட்டில் சொல்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் அறுக்கக் குனியும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அந்தக் கேள்வி கேட்கிறது. நான் திரும்புவதில்லை. சில நாள் இழுப்பறையிலிருந்து நூலை எடுத்துச் செடியில் கட்டப் போவேன். கட்டாமலே திரும்ப வைத்துவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒரு செடியைக்கூட நான் பூக்கவிட்டதில்லை.