எண்ணெய் பூசுன ராசா

அட, சாவுக்குப் பயந்தாகன்னா நெனச்ச மதினி? எங்க வீட்டுக்காரவுக பயந்ததெல்லாம் அந்த எண்ணெய்க்குத்தான். எங்க கிறிஸ்தவ வேதத்துல சீக்காளிக்குச் சாமியார் எண்ணெய் பூசுவாக. ஆனா நம்ம ஊரு ஆளுக, சாமியார் சிமிழோட தெருவுல நடந்தாலே எழவுப் பந்தலுக்குச் சொல்லிவிட்டுருவாக!

போன தையில, தேனியில இவுகளுக்கு வயித்து ஆபரேசன்னு இருந்துச்சுல்ல? மொத நாளு மருமக போயி எங்க கோயில் சின்னச் சாமியாரக் கூட்டியாந்துட்டா. நல்ல ஒசரம் அவுக. திராட்சப் பந்தலுக்குள்ள நொழையிற மாதிரி குனிஞ்சு வந்தாக. அவ்வளவுதான், இவுக போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, "எண்ணெயே வந்துருச்சு, இனி தேனிக்கு எதுக்கு? நான் வரல"ன்னுட்டாக. ஆபரேசன் பண்ணாட்டி ஆளு தங்காதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு.

சாமியார் கட்டில்ல உக்காந்து, "ஐயா, கிறிஸ்துன்னா என்னா?"ன்னாக.

போர்வைக்குள்ள இருந்தே, "யேசு சாமி பேரு. இது தெரியாமயா இம்புட்டு வருசம் பூசைக்கு வாரேன்?"

"பேரு இல்லய்யா, பட்டம். அந்தக் காலத்துல யூதருக ஒருத்தர ராசாவாக்கணும்னா, தலையில எண்ணெய ஊத்துவாக. அப்பிடி எண்ணெய் பூசுனவர மெசியான்னாக. அதையே கிரேக்கத்துல கிறிஸ்துன்னாக."

நான் அதுவரைக்கும் யேசு சாமிக்கு அது இனிசியல்னுல்ல நெனச்சிருந்தேன்!

"ஒங்களுக்கும் ஞானஸ்நானத்தப்ப உச்சந்தலையில பூசுனாகளே, அன்னைக்கே செத்தா போனீக? கிறிஸ்தவருகன்னா அந்தப் பட்டத்துல பங்குள்ளவுகய்யா. இது வழியனுப்புற எண்ணெய் இல்ல, தெம்புக்கு."

போர்வை மெல்ல எறங்குச்சு. "அப்ப நானும் ராசாவா?"

"கிரீடம் கேக்காம நெத்தியக் காட்டுங்க"ன்னேன் நான்.

நெத்தியில பூசுனதும், "கையிலயும் பூசுவீகள்ல, விட்டுராதீக"ன்னு ரெண்டு கையையும் நீட்டுனாக பாரு! மறுநா ஆஸ்பத்திரியில நர்சுகிட்ட, "ராசா வந்திருக்கேன்"னாக. அந்தப் பிள்ள, "ராசாவா இருந்தாலும் வேட்டிய மாத்துங்க தாத்தா"ன்னுச்சு.

அந்தச் சாமியாரக் கெங்குவார்பட்டிப் பக்கம் மாத்திட்டாக. எங்கன இருந்தாலும் நல்லா இருக்கட்டும், என் தாலியக் காத்த புண்ணியவான்.

அந்தா, ராசா கத்துறாக கேட்டியா? தலை நெறைய நல்லெண்ணெய அப்பிக்கிட்டு வெயில்ல உக்காந்திருக்காக. இரு மதினி, வெந்நி கொதிக்குது. சீயக்கா வேற இன்னும் கரைக்கல.