குழாய் ஸ்பீக்கரில் வந்த அடிமை

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் சர்க்கார் நடத்துகிற எந்தக் கூட்டமும் என் மைக் செட் இல்லாமல் நடக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கே சொன்னாலும் தப்பில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரையும் நசுங்கிய குழாய் ஸ்பீக்கர் ஒன்றையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மஞ்சள் நீராட்டுக்கும் காதுகுத்துக்கும் பெருநகர் என்கிற ஊர் வரைக்கும் மிதித்தவன். இன்றைக்கு சாமியானா, நாற்காலி, ஜெனரேட்டர், இரண்டு லோடு வண்டி. டிகிரி முடித்த அதிகாரிகள் எனக்குப் போன் போட்டு, "ஐயா, எத்தனை மணிக்கு வந்துடுவீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்டுப் பிரயோஜனமில்லை.

இந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு சர்க்கார் எத்தனையோ ஒழித்துவிட்டது. கொசுவை ஒழித்தது, பிளாஸ்டிக்கை ஒழித்தது, குழந்தைத் திருமணத்தை ஒழித்தது. ஒழித்து முடித்து டீ, பிஸ்கட் சாப்பிட்டுப் போவார்கள். நான் நாற்காலிகளை அடுக்கும்போதே கொசு வந்து காலைக் கடிக்கும்.

கடைசியாக வந்தது போதை ஒழிப்பு. இது டெல்லியில் ஆரம்பித்த இயக்கமாம். நாடு முழுக்க ஊர் ஊராக நடக்கிறதாம். எங்கள் ஊர் பள்ளிக்கூட மைதானத்திலும் ஒரு கூட்டம். நடத்தப்போகிற அதிகாரி நான்கு நாள் முன்பு எனக்குப் போன் செய்தார். இருநூறு நாற்காலி வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார். கூட்டத்தோடு ஒரு வேனும் நர்சம்மாவும் வருவார்களாம். ஊருக்கு ஒரு ஆளையாவது அன்றைக்கே வேனில் ஏற்றி சிகிச்சைக்கு அனுப்பவேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறார்களாம். நம்ம ஊரில் அப்படி யாராவது உண்டா?

"என் தம்பியே கீறான்" என்றேன்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஊரில் குடிக்கிறவனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதிலும் எங்கள் வீடு முதலாக இருக்கவேண்டும் எனக்கு. அது ஒரு வியாதி, அதற்கு எந்த வேனும் வருவதில்லை.

தம்பி எனக்கு நான்கு வயது இளையவன். ஆரம்பத்திலிருந்து என்னோடு தொழிலில் இருக்கிறவன். வயர் இழுப்பது, கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவது, சீரியல் லைட் போடுவது எல்லாம் அவன்தான். நான் பீடியைக்கூட உதட்டில் வைத்ததில்லை. அவனோ காலையிலேயே ஆரம்பித்துவிடுவான். குடிக்கிறவன் யாராக இருந்தாலும் எனக்குக் கீழ்தான், தம்பியானாலும் அப்படித்தான். அடித்துப் பார்த்தேன். வீட்டில் போட்டுப் பூட்டிப் பார்த்தேன். வேலைக்கு வராதே என்று விரட்டினேன். அவன் பெண்சாதி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் குடிக்கமாட்டேன் என்று கையில் கயிறு கட்டவைத்தாள். கயிறு கையில் இருந்தவரை குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தூங்கும்போது எலி கடித்துவிட்டது என்றான். நல்ல எலி. கயிற்றை மட்டும் கடித்தது, கையைத் தொடவில்லை.

பிறகு வயிறு வீங்க ஆரம்பித்தது. கண் மஞ்சளாயிற்று. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ஈரல் கெட்டுத் தண்ணீர் கோத்திருக்கிறது, இனிமேலும் குடித்தால் இங்கே கூட்டிக்கொண்டு வரவேண்டிய வேலை இருக்காது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அட்மிட் ஆகச் சொன்னதற்கு தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் இந்தக் கூட்டம்.

வேனில் போக அவனைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, அவன் பெண்சாதி. அவள் என்ன சொன்னாளோ தெரியாது. "உனக்காக ஒண்ணும் போவல. இவளுக்காகத்தான்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். கூட்டத்தன்று குளித்து, வெளுத்த சட்டை போட்டு, ஒரு பையில் இரண்டு லுங்கியும் துண்டும் வைத்துக்கொண்டு வந்தான். அன்று காலை அவன் குடிக்கவில்லை. கை நடுங்குவதை மறைக்கப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கூட்டம் பத்து மணிக்கு. அதிகாரி வந்தது பன்னிரண்டுக்கு. இருநூறு நாற்காலியை நிரப்ப, ஏரிக்கரையில் நூறு நாள் வேலையில் இருந்த பெண்களை மண்வெட்டியோடு கூட்டி வந்து உட்காரவைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியும் குடிக்கிறவள் இல்லை. குடிக்கிற ஆண்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் கட்டிய பேனரில் ஊசி, மாத்திரை, ஏதோ வெள்ளைத் தூள் படங்கள். எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்க்காத சரக்கு. எங்கள் ஊர்க்காரன் வாங்குகிறதை சர்க்காரே கடை போட்டு விற்கிறது. அதன் படம் பேனரில் இல்லை.

உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். அதிகாரி வரி வரியாகப் படிக்க, பெண்கள் திருப்பிச் சொல்லவேண்டும்.

"நான், உங்கள் பெயரைச் சொல்லவும்" என்று அவர் படித்தார்.

"நான், உங்கள் பெயரைச் சொல்லவும்" என்று அத்தனை பேரும் சொன்னார்கள்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. அதிகாரிக்குப் புரியவேயில்லை. கடைசி வரைக்கும் படித்து முடித்துவிட்டார். அந்த வகையில், உங்கள் பெயரைச் சொல்லவும் என்கிற ஒரு ஆள் எங்கள் ஊரில் இனி எந்தப் போதையும் தொடமாட்டான்.

இதற்குள் தம்பி வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாகிவிட்டது. பையை மடியில் வைத்திருந்தான். அவன் பெண்சாதி வெளியே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். இனி டிரைவர் வண்டியை எடுத்தால் போதும். என் தம்பி பிழைப்பானா மாட்டானா என்பது அந்த வண்டி கிளம்புவதில் இருந்தது. அதிகாரிக்கோ கைதட்டல் வேண்டியிருந்தது.

"இந்த ஊரின் முதல் போதை அடிமையை இன்று நாம் மீட்டெடுத்து அனுப்பி வைக்கிறோம்" என்றார். "அதோ, வண்டியில் அமர்ந்திருக்கும் அந்த போதை அடிமைக்கு எல்லோரும் கைதட்டுங்கள்."

என் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் இல்லை. காற்று வாட்டமாக இருந்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஊர்த் தெருவைப் பார்த்து ஒன்று, எங்கள் தெருவைப் பார்த்து ஒன்று கட்டியிருந்தேன். இரண்டு தெருவுக்கும் அந்த வார்த்தை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

படித்தவர்களுக்கு அது வெறும் வார்த்தை. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. எங்கள் நைனா ஊர்த் தெருவில் ஒரு பெரிய நிலக்காரர் வீட்டுக்குப் படியாளாக இருந்தவர். கூலி கிடையாது. அன்றாடம் படியில் அளந்து நெல் போடுவார்கள். அதற்கு வருஷம் பூராவும் ராப்பகலாக அந்த வீட்டு வேலை. விருந்தாளி யாராவது வந்தால் அந்த நிலக்காரர் நைனாவைக் காட்டி, "இவன் நம்ம அடிமை" என்பார். திட்டு இல்லை, பிரியமாகத்தான் சொல்வார். நைனாவும் சிரிப்பார். தம்பியும் நானும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறோம். நான் சைக்கிள் மிதித்ததெல்லாம் அப்படிச் சிரிக்கக்கூடாது என்றுதான்.

தம்பி பையை எடுத்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினான். கத்தவில்லை, சண்டை போடவில்லை. ஏரிக்கரையைப் பார்த்து நடந்தான். அவன் பெண்சாதி பின்னாலேயே ஓடினாள். அதிகாரி மைக்கில், "போதை அடிமைகள் இப்படித்தான், ஆரம்பத்தில் தயங்குவார்கள்" என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார். நான் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினேன். இத்தனை வருஷத் தொழிலில், பேசுகிற ஆள் பேசும்போது மைக்கை நிறுத்தியது அன்றைக்குத்தான். அவர் இன்னும் கொஞ்ச நேரம் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

கரையில் மதகுக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தான் தம்பி. அந்த ஆள் பேப்பரில் இருக்கிறதைப் படிக்கிறான், உன்னைப்பற்றி அவனுக்கு என்ன தெரியும், வந்து வண்டியில் ஏறு என்றேன்.

"நான் குடிகாரன்ணா. ஊரே சொல்லட்டும், எனக்கு இன்னா" என்றான். "குடிகாரன் என்னிக்காவது நிறுத்துவான். அடிமை யாரைக் கேட்டுக்கினு நிறுத்துவான்?"

நான் அவன் பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அதற்குள் அதிகாரியும் நர்சம்மாவும் வந்துவிட்டார்கள். அதிகாரி கையில் ஒரு ஃபாரம், அதிலும் போதை அடிமை என்றுதான் அச்சடித்திருந்தது. அது டெக்னிக்கல் வார்த்தை, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். சரி, அந்த வார்த்தையை அடித்துவிட்டு நோயாளி என்று போடுங்கள், இவன் கையெழுத்துப் போடுவான் என்றேன். அச்சடித்து வந்த ஃபாரத்தில் தன்னால் கை வைக்க முடியாது என்றார். கையெழுத்து இல்லாமல் வேனில் கூட்டிப்போகவும் முடியாதாம். சாகப்போகிறவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான், இவருக்கு ஒரு பேனாவை எடுத்து ஒரு கோடு கிழிக்கத் தைரியம் இல்லை. இவர்தான் நாட்டை மீட்டெடுக்க வந்தவர்.

அதிகாரி போனில் யாருக்கோ பதில் சொல்லத் திரும்பியதும் நர்சம்மா தம்பியின் கண்ணை இழுத்துப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள். "இந்த வயித்தோட பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா எமர்ஜென்சியிலயே சேர்த்துக்குவாங்க. இந்த ஃபாரம் எதுவும் வேணாம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். இன்றைக்கே போகவேண்டும், தினம் எவ்வளவு குடிப்பார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும், திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் வரலாம், வழியில் தனியாக விடாதீர்கள் என்றாள். அன்று அங்கே வந்தவர்களில் வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு மேடையில் நாற்காலி போடவில்லை.

நாங்கள் பஸ்ஸில் போனோம். லோடு வண்டி இரண்டிலும் மறுநாள் கல்யாணத்துக்கு ஏற்றிய சாமான் இறக்காமல் கிடந்தது. வேன் என்ன ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். காலியாகப் போனால் போட்டோ வராதே, தண்ணீர் டேங்க் ஆபரேட்டரைக் கெஞ்சி ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள். அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். முதல் திருப்பத்திலேயே இறக்கிவிட்டார்களாம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்ற அரை மணி நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான அரை மணி. தம்பியின் நெற்றியில் வேர்வை கொட்டியது. கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முன்னால் போய் நின்று மறைத்தேன்.

"ஒரே ஒரு கட்டிங் போட்டுக்கினு வந்துடறேண்ணா. நெஞ்சு படபடங்குது."

வேண்டாம் என்றேன்.

"பேரு குடுத்தவன் நீதானே?"

நான்தான் என்றேன்.

"என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவைதான் ஒத்துக்கொள்வேன், அதையும் பஸ் ஸ்டாண்டிலேயே ஒத்துக்கொண்டுவிட்டேன். அவன் பெண்சாதி முந்தானையில் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். பஸ் வந்தது. அவனை நடுவில் உட்காரவைத்து இருபக்கமும் நாங்கள் உட்கார்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் சீட்டு போடுகிற ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிராமல், "என்ன பிராப்ளம்?" என்றாள். பேசுகிற இடம் என்றால் நான்தானே பேசுவேன், முன்னால் போனேன். தம்பி என் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு ஜன்னலில் குனிந்தான்.

"குடிம்மா. நிறுத்தணும். வயித்துல தண்ணி வேற கீது."

வயது கேட்டாள், சொன்னான். எவ்வளவு நாளாக என்றாள், அதையும் சொன்னான். தினம் எவ்வளவு என்று பிறகு டாக்டர் கேட்டபோது அவன் சொன்ன கணக்கைக் கேட்டு அவன் பெண்சாதியே திகைத்துப்போனாள். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு எழுத்து தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று தம்பி அந்தப் பெண்ணையே கேட்டான். உங்கள் பேரு, வயசு, வயிறு வீக்கம், மஞ்சள் காமாலை, அவ்வளவுதான் என்றாள். வேறு ஒன்றும் இல்லையா என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு உள்ளே போனான்.

மூன்று வாரம் படுத்திருந்தான். முதல் நாலு நாள் கட்டிலில் கையைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். எங்கேயோ கம்பத்தின் மேல் நிற்பதாக நினைத்து, வயரைப் பிடி, வயரைப் பிடி என்று கத்தினான். பிறகு தெளிந்தது. வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகிறது. இதுவரை தொடவில்லை. நாளைக்கு எப்படி என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், அவனும் செய்யமாட்டேன் என்கிறான். வயிறு வற்றியிருக்கிறது. சோறு இறங்குகிறது.

போன மாதம் அந்த அதிகாரி போன் செய்தார். மாவட்ட அளவில் பெரிய கூட்டமாம். அன்று நடந்ததை மறந்துவிட்டாராம். உங்கள் தம்பி குணமானதாகக் கேள்விப்பட்டோம், மீண்டு வந்த போதை அடிமை என்று மேடையில் ஏற்றி சால்வை போடுகிறோம், இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். நான் போனைக் கையில் பொத்திக்கொண்டு தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் சாமியானா துணியை மடித்துக்கொண்டிருந்தான். மடிப்பை விடாமலே சொன்னான்.

"நான் எதுலயிருந்தும் மீண்டு வரலண்ணா. பஸ்ஸுல போனேன், சீட்டு போட்டேன், பஸ்ஸுல வந்தேன். அவ்ளோதான்னு சொல்லு."

அதை அப்படியே அதிகாரியிடம் சொன்னேன். கூடவே நான் சேர்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.